ஆத்தாவுக்குச் சுச்சு வேணும், எனக்குப் போன்ல வேணும்: தோட்டத்து வீட்டு லைட்டுக்கு என்ன வழிங்க?

காங்கேயம் தோட்டம்:
வணக்கமுங்க. காங்கேயத்துக்குத் தெக்கால எங்க தோட்டத்து வீடு. நான் திருப்பூர்ல பனியன் கம்பெனில வேலை, வாரக் கடைசிலதான் ஊருக்குப் போறது. அங்க ஆத்தா மட்டுந்தான், வயசு 81. போன மாசம் ஆசாரத்துலயும் (முன் கூடம்) வாசல்லயும் 4 ஸ்மார்ட் பல்பு மாட்டுனேன். ஆத்தா படுக்கப் போறப்ப பழக்கத்துல சுச்சை அமத்திருது, போன்ல பாத்தா ‘ஆஃப்லைன்’. அதுகூடப் பரவால்லீங்க. ஒருநா சுச்சை அமத்தாம நான் போன்லயே அமத்தியிருந்தப்ப, ராத்திரி 2 மணிக்குக் கரண்ட் போயி வந்துச்சு. நாலு பல்பும் பளீர்னு எரிய, திருடன்னு நெனச்சு ஆத்தா வெளக்குமாத்தோட வாசல்ல நின்னுருக்குது.

டச் பேனல் போடலாமுங்களா, இல்ல வேற வழி இருக்குதுங்களா? மாடிப்படிக்கு மேலயும் கீழயும் போடற டூ வே சுச்சு. மாடு கட்டற கட்டுத்தறி வீட்டுல இருந்து 150 அடி தள்ளி.

பெருந்துறை ஒயர்மேன்:
பல்பைக் கழட்டி ரூமுக்குள்ள கலர் லைட்டா வெச்சுக்கோங்க. பல்புக்கு எந்நேரமும் கரண்ட் இருந்தாத்தான் போன் பேச்சைக் கேக்கும். ஆப்ல ‘கரண்ட் வந்ததும் பழைய நிலை’ன்னு ஒரு செட்டிங் இருந்தா அதுக்கு மாத்தி வெய்யுங்க, நடுராத்திரிக் கூத்து நிக்கும். டச் பேனல் பாக்க நல்லாருக்கும், இருட்டுல தடவிப் பாத்துப் போட முடியாது. வயசானவங்களுக்கு ஆகாதுங்க.

உங்களுக்குச் சுச்சுக்குப் பின்னால வெக்கிற ரிலேதான், போன்ல சொன்னாலும் லைட்டைப் போட்டு அமத்தற சின்ன டப்பா. சோனாஃப் மினி, ஷெல்லி மாதிரி, தீப்பெட்டி அளவு இருக்கும். இப்ப இருக்கற சுச்சும் சாதா எல்ஈடி பல்பும் அப்படியே இருக்கட்டும். ஆத்தா சுச்சைத் தட்டுனாலும் எரியும், நீங்க போன்ல போட்டாலும் எரியும். சுச்சு ஒயர் ரெண்டும் சோனாஃப்ல எஸ்1, எஸ்2-க்குப் போகும். அதுல பேஸை (கரண்ட் வர்ற ஒயர்) குடுத்தீங்கன்னா ரிலே போச்சு.

மொதல்ல போர்டைத் தொறந்து நியூட்ரல் (கரண்ட் திரும்பிப் போற ஒயர்) இருக்குதான்னு பாருங்க, ரிலே ஓட அது வேணும். பிளக் பாயின்ட் இருக்கற போர்டுன்னா இருக்கும். மாடிப்படி போர்டுல பெரும்பாலும் இருக்காது. அதுக்காவ வேற ஆர்சிசிபில (கரண்ட் கசிஞ்சா தானா விழுகற பிரேக்கர்) ஓடுற லைனோட நியூட்ரலை இழுத்துக் குடுத்தா அது விழுந்துட்டே கெடக்கும், அந்த வேலை மட்டும் வேண்டாமுங்க. இன்வெர்ட்டர் லைனுக்கும் அதே கதைதான்.

பொள்ளாச்சித் தென்னை:
ஜிக்பீ போங்க, அது வைஃபை மாதிரி இன்னொரு ஒயர்லெஸ். வைஃபைல இருபது சாமான் சேத்துனா சாதா ரவுட்டர் திணறும். ஜிக்பீல கரண்ட்டுல ஓடுற சாமான் பெரும்பாலும் அடுத்ததுக்குச் சேதியைக் கடத்தும், எங்க ஊட்டு ரெண்டடிச் செவுத்துக்கு அதுதான் சரிப்பட்டுச்சு. ஆனா எல்லாத்தையும் சேத்துப் புடிக்கற ஹப்னு ஒரு டப்பா தனியா வேணும்.

பெருந்துறை ஒயர்மேன்:
அஞ்சாறு லைட்டுக்கு ஹப் எதுக்குங்க? ரவுட்டரை இன்வெர்ட்டர்ல போடுங்க, அது முக்கியம். இல்லாட்டிக் கரண்ட் போனா லைட்டு எரியும், போன் வேலை செய்யாது.

காங்கேயம் தோட்டம்:
கட்டுத்தறிக்கு என்னங்க பண்றது? வைஃபை அங்க எட்டலீங்க.

பொள்ளாச்சித் தென்னை:
அதை வைஃபைல சேக்காதீங்க. ஆளு வந்தா எரியற சென்சார் லைட்டு ஒண்ணு போதும். ஆனா மாட்டைப் பாத்தாப்புல மாட்டீராதீங்க. அது அசையற சூட்டைத்தான் பாக்கும், மாடு தலையாட்டுனாலே எரியும். நான் பட்டுட்டேன், விடிய விடிய சினிமாக் கொட்டாய் மாதிரி இருந்துச்சு. தடத்தைப் பாத்துத் திருப்பி வெச்ச பொறவுதான் மாடும் தூங்குச்சு, நானும் தூங்குனேன்.

காங்கேயம் தோட்டம்:
ஞாயித்துக்கெழமை ஒயர்மேனைக் கூப்புட்டு ஆசாரம், வாசல் ரெண்டுக்கும் ரிலே வெச்சாச்சுங்க. மாடிப்படில நியூட்ரல் இல்ல, உட்டுட்டேன். ஆத்தாகிட்ட ஒண்ணும் சொல்லல, பழைய சுச்சுதானே. நேத்து ராத்திரி 9 மணிக்குத் திருப்பூர்ல இருந்தே வாசல் லைட்டை அமத்திப் பாத்தேன். ரெண்டு நிமிசத்துல போன் வருது: “கண்ணு, வாசப் பல்பு பீஸ் போயிருச்சாட்ட இருக்குது, வாரப்ப ஒண்ணு வாங்கியா.”