பொருள்: எனர்ஜி டிரிங்க் கலந்த போதைக்கு ஒரு சொல் (அவசரம்)

ஆசிரியை, திருச்சி:
வணக்கம். பதினொன்றாம் வகுப்புக்கான நலக் கையேடு திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. எனர்ஜி டிரிங்க்கை மதுவில் கலந்து குடித்தவர் முழுப் போதையில் இருந்துகொண்டே தெளிவாக இருப்பதாக நினைப்பார். அந்த நிலைக்கு ஒரு சொல் வேண்டும். 'ஆற்றல் பானம்' சரியா என்றும் சொல்லுங்கள்.

மருத்துவர், கோவை:
ஆற்றல் பானம் என்றால் பையன்கள் டானிக் என்று நினைப்பார்கள். அதிலுள்ள ஆற்றல் சர்க்கரையுடையது. கஃபீன் எதையும் தருவதில்லை. களைப்பைச் சொல்லும் அடினோசின் மூளையில் போய் ஒட்டும் இடத்தை அடைத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். 250 மில்லி ரெட் புல்லில் 80 மில்லிகிராம் கஃபீன் இருக்கிறது. மதுவோடு சேர்ந்தால் இரத்தத்தில் ஆல்கஹால் துளியும் குறையாது. தூங்கி விழவேண்டியவன் இன்னும் இரண்டு ரவுண்டு போவான், வண்டிச் சாவியையும் எடுப்பான். 'விழிப்புப்போதை' எனலாமே.

பேராசிரியர் (ஓய்வு), கும்பகோணம்:
போதை எதற்கு? வள்ளுவர் குடித்தவனைக் 'களித்தான்' என்கிறார். 'விழிகளி' வையுங்கள், வினைத்தொகை. அல்லது 'பொய்த்தேறல்'. தேறு என்றால் தெளி. வடித்துத் தெளிந்த கள் தேறல். தெளிவின் பெயரை வைத்துக்கொண்டு மயக்குகிற பண்டம்! தெருள், தேற்றம், தேற்றாங்கொட்டை எல்லாவற்றையும் சேர்த்து எழுதிய கட்டுரையை இணைத்திருக்கிறேன்.

ஆசிரியை:
ஐயா, களி என்றால் என் வகுப்புக்கு ஜெயில்தான் ஞாபகம் வரும். மார்கழியாக இருந்தால் திருவாதிரை.

யாழ்ப்பாணத்திலிருந்து:
'விழிப்புவெறி' எண்டால் எங்களுக்கு உடனே விளங்கும். இங்கே வெறி எண்டாலே குடிவெறிதான். ஆல்கஹாலையும் மதுசாரம் எண்டு எழுதலாமே?

மென்பொருளாளர், சென்னை:
இங்கே வெறி என்றால் நாய்க்கடி ஊசி. அப்புறம், அட்டையில் 'விழிப்புணர்வுக் கையேடு' என்று போட்டுவிட்டு உள்ளே விழிப்பைத் திட்டுவதா? 'தூங்காப்போதை' என் பரிந்துரை.

ஆசிரியை:
ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம்! இலக்கண வகுப்புக்கும் ஆகும்.

மதுரைக்காரர்:
தூங்கா நகரம் என்று எங்கள் ஊருக்குப் பெயர். அந்தச் சொல்லையா கொண்டுபோய்ப் போதையோடு ஒட்டுகிறீர்கள்?

மருத்துவர்:
ஊர்ப்பெருமையைப் பிறகு பார்ப்போம். கஃபீனையும் மதுவையும் ஒரே கேனில் அடைத்து விற்ற 4 நிறுவனங்களை அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2010 நவம்பரில் எச்சரித்தது. அப்படி விற்ற ஃபோர் லோகோ என்ற பானத்திலிருந்து கஃபீன் போனது. ஆனால் தனித்தனியாக வாங்கி டம்ளரில் கலப்பதை யார் தடுப்பது? அந்த வரியைக் கையேட்டில் சேருங்கள். சொல் எதுவானாலும் எனக்குச் சம்மதம்.

மென்பொருளாளர்:
எனர்ஜி டிரிங்க்கில் சேர்க்கும் டாரின் என்ற பொருளின் பெயர், காளையைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. 1827-இல் எருதின் பித்தநீரில் பிரித்தெடுத்தார்கள். அதற்கு 'ஏற்றமிலம்' (ஏறு + அமிலம்)?

மருத்துவர்:
கேனில் இருப்பது ஆலையில் தயாரித்தது. எருதை விட்டுவிடுங்கள்.

ஆசிரியை:
சரி, தூங்காப்போதை என்றே போடுகிறேன். பானத்துக்கு எனர்ஜி டிரிங்க் என்றே இருக்கட்டும். கேனைப் பார்த்ததும் பிள்ளைகளுக்கு அடையாளம் தெரிய வேண்டும்.

பேராசிரியர்:
என் மறுப்பைப் பதிவு செய்யவும். பழந்தமிழில் தூங்குதல் ஆடுதல். குடித்தவன் ஆடாமலா நிற்பான்? கட்டுரையை இன்னும் யாரும் திறக்கவில்லை போலிருக்கிறது.