பனிப்புயல் நாளில் மான் எங்கே போகிறது? பரணில் காத்திருப்பதா, நடந்து தேடுவதா?

புதுத்தடம் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். மிச்சிகன் மாநிலத்தின் மேல் தீபகற்பத்தில், சுப்பீரியர் ஏரிக்குத் தெற்கே வேட்டையாடுகிறேன். இங்கே துப்பாக்கி வேட்டைக்காலம் நவம்பர் 15 முதல் 30 வரை நடக்கும். எனக்கு இது இரண்டாவது ஆண்டு. சென்ற ஆண்டு தொடக்க நாளிலேயே வடமேற்குக் காற்று வலுத்து, ஏரியின் ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து மூன்று நாள் பனியாகக் கொட்டியது. அக்டோபரில் நாள்தோறும் ஏழெட்டு வெண்வால் மான்களைக் கண்ட அதே ஓக் மேட்டில், அதே பரணில், விடியல் முதல் அந்தி வரை உட்கார்ந்தும் ஒரு வாலைக்கூட நான் காணவில்லை. அத்தகைய நாளில் வீட்டில் இருப்பதே மேல் என்கிறார் உடன் பணிபுரியும் ஒருவர். அதைவிடச் சிறந்த நாள் கிடையாது என்கிறார் இன்னொருவர். அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

சீடார்நிழல்

இருவருமே பாதி சரியாகச் சொல்கிறார்கள். அக்டோபரில் மான்கள் அந்த மேட்டுக்கு வந்தது உதிர்ந்த ஓக் கொட்டைகளுக்காக. அந்தக் கொட்டைகள் ஓர் அடிப் பனிக்கு அடியில் போன பிறகு, அவற்றைக் கிளறி எடுக்கச் செலவாகும் சக்தி கிடைக்கும் உணவைவிட அதிகமாகிவிடுகிறது. இலையுதிர்ந்த மரங்களும் காற்றைத் தடுப்பதில்லை. ஆகவே அவை தாழ்வான சதுப்பு நிலத்து வெண்சீடார், ஹெம்லாக் தோப்புகளுக்கு இறங்கிவிடுகின்றன. ஊசியிலைக் கிளைகள் பனியை மேலேயே தாங்கிக்கொள்வதால் தரையில் ஆழம் வெகுவாகக் குறைவு. சீடார் தழையோ குளிர்காலத்தில் மான் விரும்பித் தின்னும் தீவனம். இவ்விடங்களை இங்குள்ளவர்கள் 'டியர் யார்டு' என்பார்கள். நம் ஆட்டுப்பட்டியை நினைத்துக்கொண்டால் பொருள் விளங்கிவிடும். இதே மேல் தீபகற்பத்தின் கெவீனாப் பகுதியில் 1978–79 குளிர்காலத்தில் 390 அங்குலப் பனி பதிவாகியிருக்கிறது. அப்படிப்பட்ட நாட்டில் இந்த இடப்பெயர்ச்சி இல்லாமல் மான் பிழைக்க முடியாது. சில மந்தைகள் இதற்காகப் பல கிலோமீட்டர் நடக்கும்.

புயல் உச்சத்தில் இருக்கும்போது மான் பெரும்பாலும் படுத்தே கிடக்கும். உட்புறம் வெற்றாக உள்ள அதன் குளிர்கால மயிர் உடல் வெப்பத்தை வெளியே விடுவதில்லை. படுத்திருந்த மானின் முதுகில் பனி உருகாமல் விரல் கனத்துக்குப் படிந்திருந்ததை நானே பார்த்திருக்கிறேன். காற்று தணிந்ததும் பசியோடு எழுந்துவரும் அந்த முதல் இரண்டு மூன்று மணி நேரத்துக்காகத்தான் நான் காத்திருப்பேன். அப்போதும் ஓக் மேட்டில் அல்ல, தோப்பின் தென்கிழக்கு ஓரத்தில்.

மெதுநடை

மேலே சொன்னதை மறுக்கவில்லை. ஆனால் மான் படுத்திருக்கிறது என்றால் நாம்தான் அதனிடம் போக வேண்டும். மரங்கள் உரசி முனகும் காற்றில் நம் காலடி ஓசை கரைந்துவிடும். அமைதியான நாளில் ஒருபோதும் நெருங்க முடியாத தொலைவுக்கு நெருங்கலாம். காற்றை முகத்திலோ கன்னத்திலோ வாங்கிக்கொண்டு, இரண்டு அடி வைத்தால் இரண்டு நிமிடம் நின்று, முழு மானைத் தேடாமல், செங்குத்தான மரங்களுக்கு நடுவே கிடைமட்டமாகத் தெரியும் ஒரு முதுகின் விளிம்பையோ அசையும் காதையோ தேட வேண்டும். மேட்டின் மறைவுப் பக்கத்தில் காற்று சுழன்று நம் வாடையை எங்கே கொண்டுபோகும் என்று சொல்ல முடியாதென்பதால், அங்கே இன்னும் நிதானம் தேவை. பனி கொட்டிக்கொண்டிருக்கையில் விளிம்பு கூர்மையாகவும் குழிக்குள் புதுப்பனி விழாமலும் இருக்கும் குளம்புத்தடம் சில நிமிடத்துக்கு முந்தையது, அதைப் பின்தொடரலாம். பாதி நிறைந்த தடத்தின் பின்னே போய் நான் இழந்த காலைகள் பல.

பழையபரண்

நெருங்குவது எளிது என்பதில் எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை. சுட்ட பிறகு என்ன செய்வீர்கள் என்பதே என் கேள்வி. கனத்த பனி குருதித் தடத்தைக் கால் மணி நேரத்தில் மூடிவிடும். அடிபட்ட மானைக் காட்டில் அழுகவிடுவதைவிட வெறுங்கையோடு திரும்புவது மேல். காற்றின் கணக்கும் இருக்கிறது: மணிக்கு 30 கிலோமீட்டர் குறுக்குக் காற்று .308 அளவு ரைபிள் தோட்டாவை 100 கெஜத்தில் ஏறத்தாழ ஒன்றரை அங்குலமே விலக்கும், 300 கெஜத்திலோ ஓர் அடியைத் தாண்டிவிடும். எனவே அந்த நாளில் 100 கெஜத்துக்கு மேல் நான் சுடுவதில்லை. பிற்பகல் மூன்று மணிக்குப் பிறகு சுடுவதே இல்லை.

குழல்வாயில் ஒரு துண்டு இன்சுலேஷன் டேப் ஒட்டிவிடுங்கள். பனி அடைத்த குழலோடு சுட்டால் குழல் பிளக்கும், டேப்போ குறியைக் கெடுப்பதில்லை. துப்பாக்கியைச் சூடான அறைக்குள் கொண்டுபோகாதீர்கள். வியர்த்து, மறுபடி வெளியே வந்ததும் உறைந்துவிடும். மற்ற வேட்டைக்காரர் கண்ணில் படுவதற்காக அணியும் ஆரஞ்சுத் தொப்பியில் படியும் பனியை அவ்வப்போது தட்டிவிடுங்கள், வெள்ளைத் தொப்பியாக இருந்தால் அதை அணிந்து பயனில்லை. காற்று நாளில் பட்ட மரத்தருகே பரண் வேண்டாம்.

சுழியத்துக்குக் கீழே 10 டிகிரி குளிரில் 40 கிலோமீட்டர் வேகக் காற்று அடித்தால், திறந்த தோலுக்கு அது சுழியத்துக்குக் கீழே 21 டிகிரி போலத்தான். 1940 நவம்பர் 11 அன்று காலை மென்வெயிலில் மெல்லிய உடையோடு மினசோட்டாவில் வாத்து வேட்டைக்குப் போனவர்களில் பலர், பிற்பகலில் வந்த புயலில் மிசிசிப்பி ஆற்றுத் தீவுகளிலேயே உறைந்து இறந்தார்கள்.

புதுத்தடம்

மூவருக்கும் மிக்க நன்றி. காலி மேட்டில் மூன்று நாள் உட்கார்ந்திருந்தேன் என்பது இப்போது புரிகிறது. இம்முறை சீடார் தோப்பின் தென்கிழக்கு ஓரத்தில் பார்க்கிறேன். ஒரே ஒரு ஐயம்: சுட்ட பிறகு அரை மணி நேரம் காத்திருந்து பின்தொடர வேண்டும் என்று பயிற்சி வகுப்பில் சொன்னார்கள். பனி கொட்டும்போதும் அப்படியா?

பழையபரண்

இல்லை. அரை மணி நேரத்தில் தொடர்வதற்குத் தடமே இருக்காது. நெஞ்சில் சரியாகப் பட்ட மான் பெரும்பாலும் 150 மீட்டருக்குள் விழுந்துவிடும் என்பதால், மறு தோட்டா ஏற்றி, சில நிமிடம் கவனித்துவிட்டு மெல்லப் போகலாம். ஆனால் இருந்த இடத்தை விட்டு எழுவதற்கு முன், மான் நின்ற இடத்தையும் கடைசியாக மறைந்த மரத்தையும் காம்பஸில் திசை பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். கீழே இறங்கி இருபது அடி நடந்ததும் எல்லா மரமும் ஒரே மரமாகத்தான் தெரியும்.