லிப்ரேபூட் ஏற்றிய பிறகு திரை வரவில்லை: நாகர்கோவில் பக்கம் உதவி தேவை

கிகாபைட் ஜி41எம்-இஎஸ்2எல் மதர்போர்டில் லிப்ரேபூட் (கம்ப்யூட்டரை எழுப்பும் பயாஸுக்குப் பதிலாகப் போடும் சுதந்திர மென்பொருள்) ஏற்றினேன். அதன் பிறகு கம்ப்யூட்டர் எழும்பவே இல்லை. ஃபேன் சுற்றுகிறது, திரை கருப்பு, கீபோர்டு விளக்கும் எரியவில்லை.

இன்டெல் மேனேஜ்மென்ட் எஞ்சின் (இன்டெல் போர்டுகளில் பின்னணியில் தனியாக ஓடும் மூடிய மென்பொருள்) தொல்லை இல்லாமல் ஓடும் பழைய போர்டு என்பதால்தான் இதைத் தேடி வாங்கினேன். கோர் 2 குவாட், 2 ஜிபி டிடிஆர்2 ராம் இரண்டு. டிரிஸ்குவல் லினக்ஸ் போன வாரம் வரை நன்றாக ஓடியது. ஞாயிற்றுக்கிழமை அதிலிருந்தே ஃபிளாஷ்ரோம் (flashrom) என்ற மென்பொருள் மூலம் மெயின் பயாஸ் சிப்பில் லிப்ரேபூட்டை எழுதினேன். சரிபார்ப்பும் முடிந்ததாகவே காட்டியது. யூபிஎஸ் இருந்தது, கரண்ட் போகவில்லை (நம்ம ஊர் மழையை நம்பி யார் இறங்குவது?).

ராமை ஒவ்வொன்றாக மாற்றிப் போட்டேன், சிமோஸ் பேட்டரியைக் கழற்றி மாட்டினேன், வேறு எஸ்எம்பிஎஸ்ஸும் பார்த்தாயிற்று. இந்தப் போர்டில் பழைய பயாஸின் நகல் உள்ள பேக்கப் சிப்பும் உண்டு; அதை நான் தொடவில்லை, ஆனாலும் பழைய பயாஸ் தானாக வரவில்லை. அப்புறம் சிஹெச்341ஏ புரோகிராமரில் (சிப்பைப் படிக்கவும் எழுதவும் உதவும் யூஎஸ்பி கருவி), சிப்பைக் கழற்றாமலே கிளிப் போட்டுப் படித்தால் ஒவ்வொரு முறையும் வேறு வேறு டேட்டா. போர்டின் மற்ற பாகங்களும் மின்சாரத்தை இழுப்பதால் இப்படி ஆகும். சிப்பைக் கழற்றித்தான் எழுத வேண்டும்: 8 கால், 1 எம்பி, 3.3 வோல்ட். மார்த்தாண்டத்தில் செல்போன் சர்வீஸ் கடைகளில் கேட்டால், “புது போர்டு வாங்கிடுங்க” என்கிறார்கள். புது போர்டு வாங்குவதாக இருந்தால் இதை ஏன் தேடிப் பிடித்தேன்?

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் சுற்றுவட்டாரத்தில் ஹாட் ஏர் வைத்து இந்தச் சிப்பைக் கழற்றி, எழுதி, திரும்பப் பற்றவைத்துத் தருபவர் யாராவது உண்டா?