மின்விசிறி சுழலும் வீட்டில் வாசனை மெழுகுவர்த்திகளை எங்கே வைப்பது?

கேள்வி (சென்னை வாசகி):
வணக்கம். நாங்கள் வாடகை வீட்டில் குடியிருக்கிறோம். ஆணி அடிக்கவோ சுவரின் வண்ணத்தை மாற்றவோ அனுமதி இல்லை என்பதால், மாலையிலாவது கூடம் அழகாக இருக்கட்டும் என்று கண்ணாடிக் குவளையில் வார்த்த மல்லிகை வாசனை மெழுகுவர்த்திகள் மூன்றை வாங்கினேன். பத்து நாள்களுக்குள் ஒன்றின் நடுவில் கிணறு வெட்டியதுபோல் குழி விழுந்துவிட்டது. சுற்றிலும் மெழுகு அப்படியே நிற்க, திரி உருகிய மெழுகில் மூழ்கி அணைந்துபோகிறது. மற்றொன்றுக்கு மேலே சுவரில் விரல் அகலத்துக்குக் கரி படிந்திருக்கிறது. மின்விசிறி இல்லாமல் எங்களால் உட்கார முடியாது. மாமியாருக்கு ஆஸ்துமாவும் உண்டு. எந்த அறையில் எப்படி வைப்பது என்று அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

பதில் 1 (வீட்டில் மெழுகுவர்த்தி வார்ப்பவர், கோவை):
குழி விழுந்ததற்கு முதல் நாள் எரித்த விதமே காரணமாக இருக்கும். புதியதை முதன்முறை ஏற்றும்போது, உருகிய மெழுகு குவளையின் ஓரத்தைத் தொடும்வரை அணைக்கக் கூடாது. 3 அங்குல விட்டமுள்ள குவளைக்கு இது ஏறத்தாழ 3 மணி நேரம். அரை மணியில் அணைத்துவிட்டால் அடுத்த முறையும் அந்தச் சிறு வட்டத்துக்குள்ளேயே உருகும். இப்போதும் அதைக் காப்பாற்றலாம். மூழ்கிய திரியைச் சுற்றியுள்ள மெழுகைக் கொஞ்சம் சுரண்டி எடுத்துவிட்டு, திரியை ஏற்றி, குவளையின் வாயை அலுமினியத் தாளால் சுற்றி நடுவில் மட்டும் திறப்பு விடுங்கள். வெப்பம் ஓரத்துக்குத் திரும்பி மெழுகு மட்டமாகும். அதுவரை பக்கத்திலேயே இருங்கள். குவளை மிகவும் சூடாகும்.

கரி படிவதற்குக் காரணம் நீண்ட திரியும் காற்றும்தான். ஒவ்வொரு முறை ஏற்றுவதற்கு முன்பும் திரியை 6 மில்லிமீட்டருக்குக் கத்தரியுங்கள். நுனியில் காளான்போல் கரி திரண்டிருந்தால் அதையும் கிள்ளி எறியுங்கள். சுடர் ஆடினால் அந்த இடம் மெழுகுவர்த்திக்கு உரியதன்று. அடுத்த முறை பாரஃபினை விடுத்து சோயா மெழுகாக வாங்குங்கள், கரியே வராது.

பதில் 2 (திருச்சி வாசகி):
எங்கள் வீட்டுக் கூடத்தில் பித்தளை உருளியில் நீர் நிரப்பி, வாசனையற்ற மிதக்கும் மெழுகுவர்த்திகள் நான்கையும் ஒரு கைப்பிடி மல்லிகையையும் இடுவேன். மின்விசிறியின் நேர்க்கீழே வைக்காமல், அறையின் மூலையில், சுவரில் சாய்த்த கண்ணாடிக்கு முன்னால் வைப்பதால் நான்கு சுடர் எட்டாகத் தெரியும். அதற்கு ஆணியும் தேவையில்லை. உணவு மேசையில் வாசனை மெழுகுவர்த்தியை ஏற்றவே ஏற்றாதீர்கள். ரசத்தின் மணமும் வெனிலா மணமும் ஒன்றோடொன்று மோதும்போது இரண்டுமே கெட்டுவிடுகின்றன. படுக்கையறையில் வெட்டிவேர் மணம் எனக்குப் பிடிக்கும். ஆனால் விளக்கணைக்கும் முன் அதையும் அணைத்துவிடுவேன். திரைச்சீலையிலிருந்து ஓர் அடியாவது தள்ளியிருக்க வேண்டும்.

பதில் 3 (மதுரை வாசகர்):
முதல் பதிலில் ஒரு திருத்தம். சோயாவோ தேன்மெழுகோ, சுடர் உள்ள எதுவும் கரியை உண்டாக்கும், அளவுதான் வேறுபடும். ஆஸ்துமா உள்ளவருக்குப் புகையைப் போலவே நறுமணமும் மூச்சிரைப்பைத் தூண்டக்கூடும் என்பதால், மெழுகை மாற்றுவதால் மட்டும் சிக்கல் தீராது. மேலிருந்து விளக்கின் சூட்டால் மெழுகை உருக்கும் மின்கருவிகள் கிடைக்கின்றன. சுடர் இல்லாததால் மின்விசிறிக் காற்றால் கரி படியும் தொல்லை இராது, ஆனால் மணம் வீடு முழுவதும் பரவும். எனவே பெரியவர் இருக்கும் வேளையில் அதுவும் வேண்டாம். அவருடைய அறைக்கு மின்கலத்தில் எரியும் எல்.இ.டி. மெழுகுவர்த்திகளே போதுமானவை.

கேட்டவர்:
அனைவருக்கும் நன்றி. அலுமினியத் தாளைச் சுற்றி ஒன்றரை மணி நேரம் எரித்ததில் குழி முக்கால்வாசி நிரம்பிவிட்டது. கூடத்து மூலையில் வாசனையற்ற மெழுகுவர்த்திகளோடு உருளி வைத்திருக்கிறேன். பூவின் மணமாவது ஒத்துக்கொள்கிறதா என்று மாமியாரைக் கேட்டுக்கொண்டுதான் மல்லிகையை இட்டேன். வாசனை மெழுகுவர்த்திகளை, அவர் ஊருக்குப் போகும் நாள்களுக்கென்று மூடி போட்டு எடுத்துவைத்துவிட்டேன்.