கவுன்சலிங் போனதில் இருந்து தூக்கமே போய்விட்டது. நிறுத்திவிடலாமா?

கேள்வி:
தம்பி ஒரு சாலை விபத்தில் பிழைத்தவன். எலும்பெல்லாம் கூடிவிட்டது. ஆனால் ஒரு வருடம் தாண்டியும், பின்னால் ஹார்ன் அடித்தால் தோள் இரண்டும் காது வரை ஏறிவிடுகிறது. காரில் முன்சீட்டில் உட்காருவதே இல்லை. கெஞ்சிக் கூத்தாடி கவுன்சலிங்குக்கு அனுப்பினேன். போய்வந்த இரவுகளில் தூங்குவதில்லை. "கிளறி விடுறாங்கக்கா, இனிமே போகல" என்கிறான். வீட்டில் மற்றவர்கள் மறந்துவிட்டு வேலையைப் பார்க்கச் சொல்கிறார்கள். என்ன செய்யட்டும்?

பதில் 1:
எனக்கும் ஆரம்பத்தில் இப்படித்தான் இருந்தது. போகப் போகக் குறைந்தது. அவசரப்பட்டு நிறுத்த வேண்டாம்.

பதில் 2:
நான் கவுன்சலராக வேலை பார்க்கிறேன். "மறந்துவிடு" என்பது இங்கே வேலைக்கு ஆகாது. சாதாரண நினைவு என்றால் 'அது அன்றைக்கு நடந்தது' என்று தெரியும். உயிர் பயத்தில் பதிந்தது அப்படி இல்லை. மூளையில் ஆபத்தை உணரும் அமிக்டலா, ஹார்ன் கேட்டவுடன் உடம்பை உஷார்ப்படுத்திவிடுகிறது. அந்த நொடியில் விபத்து அவருக்குப் பழைய கதை இல்லை, இப்போது நடப்பது. முன்சீட்டைத் தவிர்த்தால் அப்போதைக்கு நிம்மதிதான். ஆனால் அங்கே உட்கார்ந்தும் ஒன்றும் ஆகாது என்று உடம்பு தெரிந்துகொள்ள வாய்ப்பே வராது.

இதற்குச் சிகிச்சை உண்டு. அதிர்ச்சியை மையமாக வைத்த சிபிடி (எண்ணத்தையும் பழக்கத்தையும் படிப்படியாக மாற்றும் பேச்சுச் சிகிச்சை), இஎம்டிஆர் (கண்ணை இருபக்கமும் அசைத்தபடி அந்த நினைவைக் கையாளும் சிகிச்சை) இரண்டையும் உலக சுகாதார நிறுவனம் 2013-லேயே பரிந்துரைத்திருக்கிறது. ஆனால் வரிசை முக்கியம். அமெரிக்க மனநல மருத்துவர் ஜூடித் ஹெர்மன் 1992-இல் எழுதியதை நாங்கள் இன்றும் பின்பற்றுகிறோம்: முதலில் பாதுகாப்பு, அப்புறம்தான் நினைவுகளைப் பேசுவது, பிறகு வாழ்க்கையோடு மறுபடி ஒட்டுவது. அதனால் ஒன்று கேட்கிறேன். முதல் நாளே முழுக் கதையையும் சொல்லச் சொன்னார்களா?

கேள்வி கேட்டவர்:
ஆமாம். ஆரம்பத்தில் இருந்து சொல்லச் சொன்னார்களாம். லாரி வெளிச்சம் வரை சொன்னவனுக்குக் கை நடுங்கி, பாதியிலேயே எழுந்து வந்துவிட்டான்.

பதில் 2:
அது அவர் பலவீனம் இல்லை, கவுன்சலிங் போன வேகம்தான் அதிகம். அடுத்த முறை உட்கார்ந்தவுடன், "அன்று பாதியில் நின்றதில் இருந்து தூக்கமில்லை. முதலில் நடுக்கத்தை அடக்கக் கற்றுக்கொடுங்கள்" என்று சொல்லட்டும். பாதத்தைத் தரையில் அழுத்துவது, மூச்சை நீளமாக விடுவது, அறையில் தெரியும் பொருள்களை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்வது எல்லாம் அதற்குத்தான். காது கொடுத்துக் கேட்காவிட்டால் வேறு கவுன்சலரைப் பாருங்கள். சிகிச்சையை விட வேண்டாம். பேசிய பிறகு ஓரிரு நாள் கலக்கம் இருப்பது சகஜம். வாரா வாரம் மோசமானாலோ, சாக வேண்டும் என்ற பேச்சு வந்தாலோ அடுத்த சந்திப்புக்குக் காத்திருக்காமல் உடனே மனநல மருத்துவரிடம் கூட்டிப் போங்கள்.