மாட்டைக் கட்டி வளர்த்தால் போதுமா? மயிலத்தமடு பற்றி ஒரு விவாதம்

சித்தாண்டிப் பிள்ளை (வெள்ளவத்தை):
மட்டக்களப்பு மாவட்டத்தின் மேய்ச்சல் தரையான மயிலத்தமடு, மாதவனைப் பிரச்சினை பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் கொழும்பில் ஒரே பதில்தான் கேட்கிறேன்: "மாட்டைக் கட்டி வைத்து வளர்க்கலாமே, ஏன் காட்டுக்குக் கொண்டுபோக வேண்டும்?" அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

என் பெரியப்பா மட்டக்களப்பில் சித்தாண்டி என்ற ஊரில் மாட்டுப் பட்டி வைத்திருக்கிறார். எண்பது மாடு. ஐப்பசி மழை விழுந்ததும் ஊரைச் சுற்றிப் பெரும்போக விதைப்புத் தொடங்கிவிடும். அதற்குப் பிறகு வயல் பக்கம் ஒரு மாடுகூட நிற்க முடியாது. பட்டியைச் சாய்த்துக்கொண்டு மேற்கே அந்த மேய்ச்சல் தரைக்குப் போய், வாடி (தற்காலிகக் குடில்) போட்டுத் தங்குவார்கள். அறுவடை முடிந்ததும் ஊருக்குத் திரும்புவார்கள். அறுத்த வயலில் மாடு மேயும், சாணம் வயலுக்கே உரமாகும். வயலும் பட்டியும் ஒன்றையொன்று நம்பித்தான் இருக்கின்றன.

அந்தத் தரையில் வெளிமாவட்டங்களிலிருந்து வந்தவர்கள் காடு வெட்டிப் பயிர் செய்யத் தொடங்கியதால்தான் 2023 செப்டம்பரில் பண்ணையாளர்கள் சித்தாண்டியில் வீதியோரம் கொட்டகை போட்டுப் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். போன முறை ஊருக்குப் போனபோது பெரியப்பாவின் சிவலைப் பசுவைப் பார்த்தேன். தீனிக்குள் வைத்திருந்த வெடியைக் கடித்து, கீழ்த்தாடை பிளந்திருந்தது. தண்ணீர் குடிக்க வாயை வைக்கும், குடிக்க முடியாமல் தலையை எடுக்கும். மூன்றாம் நாள் செத்தது.

கணக்காளர் (கொட்டாஞ்சேனை):
தம்பி, அந்தப் பசுவுக்கு நடந்ததை யாரும் நியாயப்படுத்த முடியாது. ஆனால் கணக்கையும் பார்க்க வேண்டும். நாட்டு மாடு நாளைக்கு ஒன்று, இரண்டு லீற்றர்தான் கறக்கும். நாட்டுக்குத் தேவையான பாலில் பாதிக்கு மேல் பால்மாவாகக் கப்பலில் வருகிறது. 2022இல் டொலர் இல்லாமல் போனபோது என் பேத்திக்கு ஒரு பால்மா பெட்டி வாங்க மூன்று கடை ஏறி இறங்கினேன். எண்பது மாட்டுக்குப் பதில் பத்துக் கலப்பின மாட்டைக் கொட்டிலில் வைத்தால் கூடுதல் பால் வரும், காணிச் சண்டையும் இல்லை.

சித்தாண்டிப் பிள்ளை:
ஐயா, அதிகம் கறக்கும் மாடு என்று 2017இல் ஆஸ்திரேலியாவிலிருந்து கப்பலில் ஆயிரக்கணக்கில் கொண்டுவந்தார்கள். எத்தனை மாடு நோயில் விழுந்து செத்தன, எத்தனை பேர் கடனாளியானார்கள் என்று பத்திரிகைகளிலேயே வந்தது. குளிர்தேசத்து மாட்டுக்கு நம் வெயிலும் உண்ணியும் ஒத்துவராது.

கலப்பினம் கொஞ்சம் தாங்கும், சரி. ஆனால் அதற்கும் புல் வேண்டும். ஒரு சிறிய நாட்டு மாட்டுக்கே நாளைக்கு இருபது கிலோ பச்சைப்புல் தேவை. எண்பது மாட்டுக்கு ஒன்றரைத் தொன்னுக்கு மேல். கலப்பினம் அதைவிடக் கூடத் தின்னும், தவிடு புண்ணாக்கும் கேட்கும். அதையெல்லாம் விலைக்கு வாங்கினால் பால் காசு எங்கே மிஞ்சும்? நாட்டு மாடு தானே நடந்து போய்த் தின்றுவிட்டு வருவதால்தான் இந்தத் தொழில் இன்றும் நிற்கிறது.

வயல்காரி (தெஹிவளை):
நான் வந்தாறுமூலைப் பக்கம். நெல் செய்யும் வீட்டில் பிறந்தவள். ஒரு தை மாதம், கதிர் வெளிவரும் முன்னான குடலைப் பருவத்தில், ஒரே இரவில் ஒரு பட்டி இறங்கி அப்பாவின் இரண்டு ஏக்கரைத் தின்றுவிட்டது. விடிய வரம்பில் நின்று அவர் அழுததை நான் பார்த்தேன். மாட்டில் சுட்ட குறியைப் பார்த்தால் யாருடைய மாடு என்று தெரியும், ஆனால் உரிமையாளர் வந்து கொடுத்த காசு உரத்துக்கே காணாது. மேய்ச்சல்காரர் எல்லோரும் அப்பாவிகள் என்று எழுதாதீர்கள். எங்கோ இருந்து வந்து சோளம் போடுகிற விவசாயியும் ஏழைதான்.

சித்தாண்டிப் பிள்ளை:
அக்கா, உங்கள் அப்பாவுக்கு நடந்தது அநியாயம். அதற்கு முழு நட்டஈடு கொடுத்திருக்க வேண்டும். ஆனால் யோசித்துப் பாருங்கள்: மேய்ச்சல் தரை சுருங்கச் சுருங்கப் பட்டி வேறு எங்கே திரும்பும்? உங்கள் வயலுக்குத்தான். அதனால்தான் மற்ற உதவிகளுக்கெல்லாம் முன்பு எல்லை வேண்டும் என்கிறேன். மகாவலி அதிகாரசபையின் பொறுப்பில் இருக்கும் அந்த நிலத்தில் மேய்ச்சலுக்கு உரிய பகுதியை அளந்து, கல் நட்டு, வர்த்தமானியில் அறிவிக்க வேண்டும். அங்கே பயிர் செய்தவர்களுக்கு அவரவர் மாவட்டத்தில் காணி கொடுக்கட்டும். ஏழையை ஏழையோடு மோதவிடக் கூடாது.

அதற்கு அப்புறம் மாடு போகும் பாதை, தண்ணீருக்குக் குளம், காப்புறுதி. 2022 டிசம்பரில் மண்டோஸ் புயலோடு வந்த குளிரில் வடக்கிலும் கிழக்கிலும் ஆயிரத்துக்கு மேல் மாடு ஆடுகள் விறைத்துச் செத்தன. பெரியப்பாவுக்கு மட்டும் ஆறு கன்று. ஒன்றுக்கும் காப்புறுதி கிடையாது.

2026ஐ மேய்ச்சல் நிலங்களுக்கும் மேய்ச்சல்காரர்களுக்குமான ஆண்டாக ஐ.நா. அறிவித்திருக்கிறது. கொழும்பில் அதற்குக் கூட்டம் நடத்துகிறவர்கள் சித்தாண்டிப் போராட்டக் கொட்டகையில் இருந்தவர்களையும் கூப்பிட வேண்டும்.

தயிர்க்கடை (பம்பலப்பிட்டி):
கிழக்கிலிருந்து தயிர் எடுத்து விற்கிறேன். விடியப் பஸ்ஸில் சட்டிகள் வந்து இறங்கும். பெரும்போகக் காலத்தில் வரத்துக் குறையும், ஏனென்றால் வாடியில் கறக்கிற பால் மோட்டார் சைக்கிளில் பள்ளமும் சேறும் தாண்டி வர வேண்டும். பாதி நாள் வழியிலேயே திரைந்துவிடும். மேய்ச்சல் தரைக்குப் பக்கத்தில் பால் குளிரூட்டும் நிலையம் ஒன்று இருந்தால் அந்தப் பால் தப்பும். எல்லைக்கல் நடும்வரை இதற்குக் காத்திருக்கத் தேவையில்லை.

கணக்காளர்:
எல்லை பற்றிச் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். குளிரூட்டும் நிலையமும் நல்ல யோசனை. ஆனால் எண்பது மாடு என்பதை ஏற்க முடியவில்லை. எல்லை போட்டால் நிலம் அளவோடுதான் இருக்கும். மாட்டையும் அளவாக்கத்தான் வேண்டும். வயல்காரிப் பிள்ளையின் அப்பாவுக்கும் அதுதான் பாதுகாப்பு. உங்கள் பெரியப்பா எத்தனையைக் குறைப்பார்?

சித்தாண்டிப் பிள்ளை:
இன்றிரவு அவரிடம் கேட்டு எழுதுகிறேன், ஐயா. காளைக் கன்றுகளையும் கிழடுகளையும் விற்பார் என்று நினைக்கிறேன். செத்த சிவலையின் கிடாரி ஒன்று நிற்கிறது. அதை மட்டும் விற்கமாட்டார்.