பெல்வா லாக்வுட்: உரிமம் இருந்தும் 1879 சட்டம் ஏன் தேவைப்பட்டது?

கேள்வி – கதிர்

அமெரிக்க வழக்கறிஞர் பெல்வா லாக்வுட் (1830–1917) 1873-லேயே வாஷிங்டனில் வழக்காடும் உரிமம் பெற்றுவிட்டார். அப்படியிருக்க, அவர் உச்ச நீதிமன்றத்தில் வாதாடுவதற்காக அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் தனிச் சட்டம் இயற்ற வேண்டிவந்தது ஏன் என்று அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி – நெய்தல்

அங்கே ஒவ்வொரு நீதிமன்றமும் தன் முன் வாதாடத் தக்கவர் யார் என்பதைத் தானே முடிவு செய்து வந்ததால், ஓரிடத்தில் பெற்ற உரிமம் மற்றோரிடத்தில் செல்லுபடியாகவில்லை. லாக்வுட்டின் தொழிலில் பெரும்பகுதி ஓய்வூதியமும் அரசிடமிருந்து வரவேண்டிய இழப்பீடும் கோரும் வழக்குகள். ஆகவே அரசின் மீதான பணக் கோரிக்கைகளை விசாரிக்கும் நீதிமன்றத்தில் நுழைய முடியாவிட்டால் கட்சிக்காரர்களைப் பாதி வழியில் வேறொருவரிடம் ஒப்படைக்க வேண்டியதுதான். அந்த நீதிமன்றம் 1874-இல் அவரை மறுத்தபோது காட்டிய காரணங்களுள் ஒன்று, கணவர் உயிரோடிருக்கும் பெண்ணுக்குச் சட்டத்தில் தனி ஆளுமை இல்லை என்ற பழைய கொள்கை. 1876-இல் உச்ச நீதிமன்றமோ, ஆண்களை மட்டுமே சேர்ப்பது நெடுநாள் வழக்கம் என்று சொல்லி முடித்துக்கொண்டது. வழக்கத்தை மாற்றச் சட்டம் வேண்டுமென்றால் சட்டமே கொண்டுவருவோம் என்று அவர் காங்கிரஸ் உறுப்பினர்களை ஓயாமல் நாடினார்.

மறுமொழி – பொன்னி

நெய்தல் சொல்வது சரி; ஆனால் அதைத் தனிச் சட்டம் என்பது பொருந்தாது. 1879 பிப்ரவரி 15-இல் அதிபர் ஹேஸ் கையெழுத்திட்ட அச்சட்டம், மாநில உயர்மட்ட நீதிமன்றத்திலோ வாஷிங்டன் நீதிமன்றத்திலோ மூன்றாண்டுகள் நற்பெயருடன் தொழில் செய்த எந்தப் பெண்ணுக்கும் பொருந்தியது. மார்ச் 3-இல் லாக்வுட் உச்ச நீதிமன்றத்தில் வாதாடும் வழக்கறிஞராக, முதல் பெண்ணாகச் சேர்க்கப்பட்டார்.

1873 உரிமமும் எளிதில் வந்ததன்று. படிப்பை முடித்தும் சட்டக் கல்லூரி பட்டத்தைத் தராமல் நிறுத்திவைத்தது. அதிபர் கிராண்ட் பதவி வழியில் அக்கல்லூரியின் தலைவராக இருந்தார். ஆகவே லாக்வுட் அவருக்கே கடிதம் எழுதினார். தாங்கள் தலைவரென்றால் எனக்குரிய பட்டத்தைத் தாருங்கள், இல்லையென்றால் கல்லூரியின் தாள்களிலிருந்து தங்கள் பெயரை நீக்கிக்கொள்ளுங்கள் என்பது அதன் சாரம். சில வாரங்களில் பட்டம் வந்து சேர்ந்தது. நாற்பது வயதைக் கடந்துவிட்ட ஒருவர், கெஞ்சாமல், நாட்டின் அதிபரிடம் உரிமையாகக் கேட்ட அந்தத் துணிவுதான் என்னை இன்றும் வியக்க வைக்கிறது.

கதிர்

இருவருக்கும் நன்றி. 1879 சட்டம் மாநில நீதிமன்றங்களையும் கட்டுப்படுத்தியதா?

மறுமொழி – நெய்தல்

இல்லை. வர்ஜீனியா அவரை மறுத்தபோது அவர் உச்ச நீதிமன்றத்தை நாடினார். அம்மாநிலச் சட்டத்திலுள்ள ‘நபர்’ என்பது ஆண்களை மட்டும் குறிக்குமா என்பதை மாநிலமே முடிவு செய்யலாம் என்று 1894-இல் தீர்ப்பாயிற்று. ஆயினும் அவர் தொழிலை விடவில்லை. 1880-இலேயே சாமுவேல் லவரி என்ற கறுப்பின வழக்கறிஞரை உச்ச நீதிமன்றத்தில் வாதாடுவோராகச் சேர்க்க முன்மொழிந்திருந்தார். 1906-இல், தம் 75-ஆம் வயதில், சொந்த நிலத்திலிருந்து விரட்டப்பட்ட கிழக்குச் செரோக்கி என்ற அமெரிக்கப் பழங்குடி மக்களுக்காக அதே நீதிமன்றத்தில் வாதாடினார். வட்டியுடன் ஏறக்குறைய 50 லட்சம் டாலர் அவர்களுக்குக் கிடைக்கத் தீர்ப்பாயிற்று.